கிழித்த பக்கம்

சென்ற ஆண்டு மூன்றாம் பருவம் முடியும் வாரம். பள்ளிப் பட்டறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது குப்பைக்கூடையில் கசங்கிய தாள் ஒன்று கண்ணில் பட்டது. மரத்தூளும் அக்ரிலிக் சில்லுகளும் மட்டுமே கிடக்க வேண்டிய கூடை அது. எடுத்துப் பிரித்தேன். வடிவமைப்புக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த பக்கம். கோணலாக ஒரு பென்சில் படம். அதன் ஓரத்தில் 10, 5, 8 என்ற எண்கள். மூன்றையும் அடித்துவிட்டு 6 என்று எழுதி அதை இரண்டு முறை வட்டமிட்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுத வேண்டிய குறிப்பேட்டில், அவசரத் தமிழில் இரண்டே வரிகள்: "கடலை நிற்கிறது. பயறு விழுகிறது." மூலையில் மஞ்சள் கறை, சமையலறை மஞ்சள்தான்.

அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அந்தப் பருவத்தில் நாற்பது குறிப்பேடுகளைத் திருத்தியிருந்தேன். அழகான எழுத்து, வண்ணம் தீட்டிய படங்கள், நேர்த்தியான தலைப்புகள். ஆனால் இந்தக் கசங்கிய பக்கத்தில் இருந்த யோசனையில் பாதிகூட அவற்றில் பலவற்றில் இல்லை. அந்த யோசனைக்குச் சொந்தக்காரனே அதைக் கிழித்துக் கூடையில் போட்டிருந்தான். அவன் ஏன் கிழித்தான் என்று அன்றிரவு முழுக்க எனக்குக் கேள்வியாக இருந்தது. அதில் என் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அதைவிடப் பெரிதாக இருந்தது.

சிங்கப்பூரில் பிள்ளை வளர்க்காதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். இங்கே உயர்நிலை 1, உயர்நிலை 2 பயிலும் பிள்ளைகள் அனைவரும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தைப் படிக்கிறார்கள். பிள்ளைகள் வாயில் அது 'டி அண்ட் டி'. மரம், உலோகம், பிளாஸ்டிக் ஆகியவற்றை அறுத்து, துளைத்து, வளைத்து, ஒருவருக்குப் பயன்படும் பொருள் ஒன்றைத் தாங்களே யோசித்துச் செய்ய வேண்டும். உயர்நிலை 3 முதல் இது விருப்பப் பாடம். எடுத்துப் படிப்பவர்களுக்கு, உயர்நிலை முடிவில் எழுதும் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வில் 60 விழுக்காட்டு மதிப்பெண் செயல்திட்டத்துக்கு, 40 விழுக்காடுதான் எழுத்துத் தேர்வுக்கு. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதி முடித்துவிடும் பாடமல்ல. மாதக்கணக்கில் ஒரு பொருளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அந்த மல்லுக்கட்டின் பதிவுதான் குறிப்பேடு. யாருக்கு என்ன தேவை, அதை எப்படிக் கண்டறிந்தாய், என்னென்ன யோசனைகள் தோன்றின, எதை விட்டாய், எதை எடுத்தாய், அட்டையில் செய்து பார்த்தபோது என்ன ஆயிற்று, கடைசியில் செய்த பொருள் வேலை செய்ததா என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏட்டளவில் இது மிக நல்ல ஏற்பாடு.

நடப்பதைச் சொல்கிறேன். பையன் முதல் நாளே தன் கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்து, அதையே செய்வது என்று முடிவு கட்டிவிடுகிறான். பொருளையும் செய்துவிடுகிறான். சமர்ப்பிக்கும் நாள் நெருங்கும்போது உட்கார்ந்து, தனக்கு ஒருபோதும் தோன்றாத ஐந்து யோசனைகளைப் படமாக வரைகிறான். ஒவ்வொன்றையும் ஏன் 'நிராகரித்தேன்' என்று காரணமும் எழுதுகிறான். கல்யாணம் முடிந்த பிறகு பெண் பார்த்த கதையை எழுதுவது போன்றது இது. படங்கள் நேர்த்தியாக இருப்பதால் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது.

இதைப் பிள்ளைகள் தாமாகக் கற்றுக்கொள்ளவில்லை. நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த பள்ளியில், குறிப்பேடு கண்ணாடிபோல இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். பார்வையிட வருகிறவர்கள் புரட்டிப் பார்ப்பார்களே! பக்கத்துக்கு ஆறு கட்டம் போட்டுக் கொடுத்து, "ஆறு யோசனைகள் வரையுங்கள், கட்டம் காலியாக இருக்கக் கூடாது" என்று நானே சொல்லியிருக்கிறேன். அழுக்குப் பக்கத்தைப் பார்த்து, "இதைப் புதிதாக எழுதி வா" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை நல்ல பக்கங்கள் அப்படிப் போயினவோ. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இன்னொரு தவறும் செய்தேன். முதல் வகுப்பிலேயே முந்தைய ஆண்டு மாணவர் செய்த நல்ல பொருள் ஒன்றை மேசைமேல் வைத்து, "இப்படி இருக்க வேண்டும்" என்று காட்டுவேன். ஊக்கம் தரும் என்று நினைத்தேன். அந்த ஆண்டு இருபது கைபேசித் தாங்கிகள் வந்தன. இருபதும் அண்ணன் தம்பிகள். மாதிரியில் இருந்த பிழைகூட அப்படியே வந்திருந்தது. மின்கம்பி நுழைய வேண்டிய இடம் அதில் அடைபட்டிருக்கும், இவர்களுடையதிலும் அடைபட்டிருந்தது.

பிறகுதான் படித்தேன். டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1991-இல் இதையே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். வடிவமைப்பவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒரு மாதிரிப் படத்தைக் காட்டினார்கள். காப்பி சிந்தாத குவளை ஒன்றை வடிவமைக்க வேண்டும், உறிஞ்சுகுழல் கூடாது, வாய்க்குழாய் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் காட்டிய மாதிரியில் அவை இருந்தன. மாதிரியைப் பார்த்தவர்கள் கூடாது என்று சொன்னதையே தங்கள் வடிவத்தில் கூடுதலாகக் கொண்டுவந்தார்கள். கண் பார்த்ததைக் கை விடமாட்டேன் என்கிறது. தேர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அன்றிலிருந்து முதல் வகுப்பில் எந்த மாதிரியையும் வெளியே எடுப்பதில்லை. அலமாரிக் கண்ணாடிக்குக்கூடப் பழைய செய்தித்தாள் ஒட்டிவிட்டேன்.

இனி அந்தக் கடலைக்கும் பயறுக்கும் வருகிறேன்.

அவன் உயர்நிலை 2 மாணவன். ஈசூனில் மூவறை வீட்டில் பெற்றோர், தங்கை, அப்பாவைப் பெற்ற பாட்டி ஆகியோருடன் இருப்பவன். வீட்டில் ஒருவரின் அன்றாட வேலையை எளிதாக்கும் பொருள் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அந்தப் பருவத்தின் பணி. பாட்டிக்கு மாத்திரைப் பெட்டி செய்யப் போவதாகச் சொன்னான். ஏழு நாளுக்கு ஏழு அறை, ஒவ்வோர் அறைக்கும் மூடி. கடையில் கிடைப்பதுதானே என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல், "பாட்டி இப்போது எப்படி மாத்திரை எடுக்கிறார் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார். கேட்காதே, பார்," என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்தவன் முகத்தில் ஒரு குழப்பம்.

"டீச்சர், பாட்டியிடம் ஏற்கெனவே அந்தப் பெட்டி இருக்கிறது. மருத்துவமனையில் கொடுத்தார்களாம். அதைத் திறக்கவே முடியவில்லை. விரல் மூட்டு வலிக்கிறதாம். கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறக்கிறார். திறந்ததும் எல்லாவற்றையும் சில்வர் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறார்."

"எடுக்க முடிகிறதா?"

"பெரிய மாத்திரை வருகிறது. சின்னது கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் கிண்ணத்தையே வாயில் கவிழ்த்துக்கொள்கிறார்."

அவன் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். அந்தக் கணத்தை நான் மறக்கமாட்டேன். பத்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் பார்த்த காட்சியை அன்றுதான் அவன் முதன்முதலாகப் பார்த்திருக்கிறான்.

ஏழு அறையும் போயிற்று, மூடியும் போயிற்று. வேண்டியது, மாத்திரைகள் தாமாகச் சரிந்து விரலருகே வந்து நிற்கும் சாய்தட்டு ஒன்று. முன்விளிம்பு உயரமாக இருந்தால் விரல் உள்ளே போகாது. தாழ்வாக இருந்தால் மாத்திரை கீழே விழும். எவ்வளவு உயரம்? இதை எந்தப் புத்தகத்திலும் பார்த்து எழுத முடியாது. அட்டையில் செய்துதான் பார்க்க வேண்டும்.

மாத்திரையை வைத்துச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். பெரிய மாத்திரைக்குப் பதில் கொண்டைக்கடலை, சின்ன மாத்திரைக்குப் பதில் பாசிப்பயறு. பாட்டியின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டைத் தட்டின் விளிம்பை மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி வெட்டி, பாட்டியின் விரலாலேயே எடுக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறான். 10 மில்லிமீட்டரில் விரல் இடித்தது. 5-க்கு இறக்கினால் கடலை நின்றது, பயறு விழுந்தது. 8-இல் பயறு நின்றது, ஆனால் பாட்டி முகம் சுளித்தார். கடைசியில் 6-க்கு வந்து, தட்டின் சாய்வையும் கொஞ்சம் குறைத்தான். இரண்டும் நின்றன, இரண்டும் கைக்கு வந்தன. நான் குப்பையிலிருந்து எடுத்த தாள் இந்தச் சோதனையின் பதிவுதான்.

அவன் சமர்ப்பித்த குறிப்பேட்டில் இது எதுவும் இல்லை. அங்கே ஆறு அழகிய படங்கள் இருந்தன. அவற்றில் நான்கை அவன் ஒருபோதும் யோசித்ததே இல்லை. கடைசிப் பக்கத்தில், 'என் பாட்டி இதைப் பயன்படுத்திப் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது' என்று ஆங்கிலத்தில் ஒரே வரி.

மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கசங்கிய தாளை மேசைமேல் வைத்தேன்.

"இதை ஏன் கிழித்தாய்?"

"கறை பட்டுவிட்டது டீச்சர். படமும் கோணல்."

"பயறு எங்கே? கடலை எங்கே? உன் குறிப்பேட்டில் தேடித் தேடிப் பார்த்தேன்."

"அது படம் இல்லையே டீச்சர். அதற்கும் மார்க் உண்டா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மதிப்பெண் அட்டவணையில் சோதித்துப் பார்த்தலுக்கும் மேம்படுத்தலுக்கும் இடம் இருக்கத்தான் செய்கிறது. அந்த அட்டவணையைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இடத்தில் கறை படிந்த தாளும் உட்காரலாம் என்று நான்தான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் என் அத்தை தலையிடுவார். அத்தை 1957-இல் பிறந்தவர். சிங்கப்பூர் தொழில்மயமாகிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவர். ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையில் ஐக்கிய நாட்டுக் குழு வந்து ஆலோசனை சொன்னதும், பொருளியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கியதும், ஜூரோங் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாக மாறத் தொடங்கியதும் 1960களின் முற்பகுதியில். பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போவதாக 1968-இல் அறிவித்தபோது, ராணுவத்தளங்களை நம்பிப் பிழைத்த பல்லாயிரம் பேரின் வேலை கேள்விக்குறியானது. அவர்களில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த நம்மவர்கள் ஏராளம். ஆலைகளுக்குக் கைத்தொழில் தெரிந்த ஆட்கள் வேண்டும். 1969 முதல் உயர்நிலைப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்பிள்ளைகள் அனைவரும் உலோகவேலை, மரவேலை, தொழில்நுட்ப வரைபடம் போன்றவற்றைப் படிக்க வேண்டும் என்று ஆயிற்று. பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் அப்படியே. அந்தப் பாதியில் அத்தையும் ஒருவர்.

அத்தை அந்நாளில் செய்த தகர முறம் இன்னும் வீட்டில் இருக்கிறது. குப்பை அள்ளும் சின்ன முறம். விளிம்பு மடிப்பு அவ்வளவு நேர், மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் ஒளி புகாது. "நாற்பது பேரும் இதே முறத்தைத்தான் செய்தோம். வரைபடம் கொடுப்பார்கள், அரை மில்லிமீட்டர் தப்பினாலும் திரும்ப அரம் பிடிக்கச் சொல்வார்கள்," என்பார். யாருக்காகச் செய்கிறோம் என்று அவரை யாரும் கேட்டதில்லை. இதைவிட நல்ல முறம் இருக்க முடியுமா என்றும் கேட்டதில்லை.

1980களில் அந்தக் கைவேலைப் பாடங்களின் இடத்துக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் வரத் தொடங்கியது. அதே காலத்தில் பெண்பிள்ளைகள் மறுபடியும் சமையல், தையல் பக்கம் திருப்பப்பட்டார்கள். நான் உயர்நிலையில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது தையல் ஊசிதான். ரம்பத்தை முதன்முதலாகப் பிடித்தது பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரவியல் படிக்கும்போது. இரண்டு பாடங்களும் இருபாலருக்கும் என்ற நிலைமை பிறகுதான் வந்தது. இன்று என் வகுப்பில் துளையிடும் எந்திரத்தின் முன் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அத்தையின் முறம் நினைவுக்கு வருகிறது.

கைப்பழக்கம்தான் முதலில் வேண்டும் என்று அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் மாணவர்களில் பெரும்பாலோரால் நேர்க்கோட்டில் அறுக்க முடியாது. வாரத்தில் ஒரு முறைதான் பட்டறை, அதிலும் பாதி நேரம் எடுத்துவைக்கவும் கூட்டிப் பெருக்கவும் போய்விடுகிறது. ஜெலுத்தோங் பலகை கொடுப்போம். இந்த வட்டாரத்தில் வளரும் மரம், மெத்தென்று அறுபடும், சிலும்பு அதிகம் இல்லை. ஒரு காலத்தில் இதன் பாலிலிருந்தும் சூயிங் கம் செய்தார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் பலகையை முகர்ந்து பார்ப்பார்கள். அவ்வளவு மென்மையான மரத்திலேயே அவர்கள் ரம்பம் ஓரம் ஒதுங்கி ஓடும். கை பழகாத பிள்ளைக்கு யோசனையும் குறுகிவிடுகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வளைக்கத் தெரியாதவன் வளைவை வரையமாட்டான். அதனால் கைப்பழக்கம் வேண்டாம், கணினியில் வரைந்து லேசர் எந்திரத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. லேசர் எந்திரம் எங்களிடமும் இருக்கிறது, நல்ல எந்திரம்தான். ஆனால் அது எதிர்த்துப் பேசாது. மரம் பேசும், அக்ரிலிக்கும் பேசும்.

அக்ரிலிக் பேசுவதை அந்தப் பையனின் தட்டிலேயே பார்த்தேன். அட்டை மாதிரி முடிந்து, மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டை வெட்டி, பாதுகாப்புத் தாளை உரித்து, சூட்டுக்கம்பியின்மேல் கோடு பொருந்த வைத்தான். கோட்டை ஒட்டிய பகுதி ஏறத்தாழ 160 பாகைச் சூட்டில் இளகும். பொறுமை இல்லாமல் சீக்கிரம் மடித்தால் 'சடக்' என்று விரிசல் விடும். நேரம் போனால் உள்ளே குமிழி கட்டும். திருப்பித் திருப்பிப் போட்டுக் காத்திருந்தான். தொட்டால் தோசை ஓரம்போலத் துவளும் பதம் வந்ததும் எடுத்து, பழக்கதோஷத்தில், பக்கத்திலிருந்த மரக்கட்டையில் வைத்துச் செங்கோணமாக மடித்துவிட்டான். வேண்டியது செங்கோணம் அல்ல, சாய்வு. ஆறும்வரை பிடித்திருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு. அன்று கடைசி வகுப்பு வேறு.

"மறுபடியும் கம்பிமேல் வை," என்றேன்.

வைத்தான். சூடு ஏற ஏற, அந்த மடிப்பு தானாக அவிழ்ந்து, தகடு மெல்ல மெல்லப் படுத்தது. அக்ரிலிக்குக்கு அந்தக் குணம் உண்டு. முதலில் தட்டையாக இருந்ததை அது மறப்பதில்லை. அவன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து மேசைப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். அன்று மணி அடித்த பிறகும் யாரும் நகரவில்லை.

பொருள் எதிர்த்துப் பேசும்போது பிள்ளை என்ன செய்கிறான், அங்கேதான் இந்தப் பாடத்தின் கற்றல் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இங்கிலாந்தில் 1980களின் பிற்பகுதியில், கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ரிச்சர்ட் கிம்பெல் குழுவினர் பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ பத்தாயிரம் பேரிடம் வடிவமைப்புத் திறனைச் சோதித்தார்கள். படி ஒன்று, படி இரண்டு என்று பிள்ளை நேராக ஏறுவதில்லை, மனத்தில் மங்கலாகத் தோன்றுவதைக் கை வெளியே கொண்டுவருகிறது, வெளியே வந்ததைப் பார்த்து மனம் திருத்துகிறது, மறுபடி கை, மறுபடி மனம் என்று இழைந்து இழைந்துதான் போகிறது என்றார்கள். என் மாணவனின் 10, 5, 8, 6 அதைத்தான் சொல்கிறது. நாங்கள் கொடுத்த ஆறு கட்டங்களில் அது அடங்காது.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 முதல் இங்கே உயர்நிலை 1-இல் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. முழுமையான பாட அடிப்படையிலான வகைப்பாடு வந்துவிட்டது. கணிதம், அறிவியல், மொழிகளை அவரவர் தரத்துக்கேற்ப ஜி1, ஜி2, ஜி3 என்று படிக்கிறார்கள்; ஜி1 எளியது, ஜி3 கடினமானது. ஓவியம், இசை, உடற்கல்வி, குணநலனும் குடியியல் கல்வியும், உணவும் பயனீட்டாளர் கல்வியும், எங்கள் பாடம் ஆகிய ஆறையும் எல்லாரும் கலந்து ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பாட நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. நான் பாடம் நடத்தத் தொடங்கிய காலத்தில் பட்டறைக்குள்ளும் பிரிவு இருந்தது. 'கையால் வேலை செய்கிறவர்கள்' என்று சில வகுப்புகளுக்கு முத்திரை குத்தியிருந்தார்கள்.

இந்த ஆண்டுக் கலப்பு வகுப்பில் ஒரு தமிழ்ப் பையன். கணிதம் ஜி1. வகுப்பில் வாயே திறக்கமாட்டான். அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைக்கும் பாடம் வந்தது. அவன் பக்கத்தில் இருந்த சீனப் பெண், எல்லாப் பாடத்திலும் முதல் வரிசையில் இருப்பவள், துளையைப் பெரிதாகப் போட்டுவிட்டாள். ரிவெட் உட்கார்ந்தது, ஆனால் தகடு ஆடியது. அவள் இன்னொரு ரிவெட்டை எடுத்தாள். இவன் முதன்முறையாக வாயைத் திறந்து, "வேண்டாம், ஆடும்," என்றான். துளை ரிவெட்டின் அளவைவிட மயிரிழைதான் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு விளக்கி, புதுத் துண்டு எடுத்துக் குறித்துக் காட்டி, ரிவெட் துப்பாக்கியைச் செங்குத்தாக அழுத்திப் பிடிக்கச் சொன்னான். யாரும் சொல்லித்தராத வேகம் அந்தக் கையில்.

"எங்கே கற்றுக்கொண்டாய் தம்பி?" என்று தமிழில் கேட்டேன்.

"மாமா காவடி கட்டுவார் டீச்சர். தைப்பூசத்துக்கு மூன்று மாதம் முன்பே புளோக் கீழ்த்தளத்தில் வேலை ஆரம்பித்துவிடும். நான்தான் துளை போடுவேன்."

"ஆடினால் என்ன ஆகும்?"

"பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் நடக்க வேண்டுமே. கொஞ்சம் ஆடினாலும் பாதி வழியில் எல்லாப் பாரமும் ஒரே தோளில் இறங்கிவிடும்."

சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். முப்பது, நாற்பது கிலோ எடையைச் சுமந்து வெறுங்காலில் நடப்பவரின் தோளை நினைத்துத் துளை போடுகிறான் அந்தப் பிள்ளை. பயன்படுத்துபவரை மனத்தில் வை என்று நாங்கள் பலகையில் எழுதிப் போடுவதை, அவன் மாமாவின் தோளைப் பார்த்துக் கற்றிருக்கிறான். அவனுடைய குறிப்பேட்டில் அது எப்படி வரும் என்று யோசித்தேன். ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதவே திணறுகிறவன். "படம் போடு, அம்புக்குறி போடு, பாரம் எங்கே இறங்கும் என்று காட்டு. அது போதும்," என்றேன். காவடிச் சட்டத்தை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று வரைந்து, பாரம் இறங்கும் வழியைச் சிவப்புப் பேனாவில் காட்டியிருந்தான். இயந்திரவியல் படித்த எனக்கே அந்தப் படத்தில் ஒரு பாடம் இருந்தது.

பெற்றோர் சந்திப்பு நாளில் இந்தப் பாடத்துக்கு ஒதுக்கப்படும் நேரத்தைப் பற்றிய வருத்தத்தைக் கேட்கிறேன். "டீச்சர், இந்த நேரத்தில் கணக்குப் போட்டால் நல்லது. இவன் தச்சனாகவா போகப்போகிறான்?" என்று ஒரு தாய் கேட்டார். அவர் கவலை எனக்குப் புரிகிறது, அந்தத் தாய் இரண்டு வேலை பார்ப்பவர். அவரோடு வாதாடாமல், மகன் செய்த பொருளை அவர் கையில் கொடுத்து, இது எத்தனை முறை தவறிப்போய் இந்த நிலைக்கு வந்தது என்று மகனையே சொல்லச் சொன்னேன். பையன் ஏழு நிமிடம் பேசினான். வீட்டில் ஏழு வார்த்தைகூடப் பேசமாட்டான் என்றார் அம்மா. வேறொரு வீட்டிலோ நேர்மாறு: பிள்ளையின் செயல்திட்டத்தை அப்பாவே கடைக்காரரிடம் கொடுத்துச் செய்து வாங்கிவிட்டார். பொருள் பளபளவென்று இருந்தது. அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பிள்ளைக்கு பதில் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்காக நான் பட்ட வேதனையை இங்கே எழுதி முடியாது.

கசங்கிய தாளுக்குப் பிறகு என் பட்டறையில் சில வழக்கங்கள் மாறின. குறிப்பேட்டில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. பிள்ளைகளிடமிருந்து அழிப்பான்களை வாங்கி டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டேன், தவறான கோட்டின்மேல் ஒரு குறுக்குக்கோடு போதும். உடைந்த துண்டு, விரிசல் விட்ட தகடு, அட்டை மாதிரி ஆகியவற்றைப் படம் எடுத்தோ அப்படியே ஒட்டியோ வைக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பும் முடியும்போது, அன்று எழுதிய பக்கத்தில் நூலகத்தில் குத்துவதுபோல ஒரு தேதி முத்திரை குத்துகிறேன். தேதி விழுந்துவிட்டால் பிறகு பின்னோக்கிப் போய்ப் பெண் பார்த்த கதை எழுத முடியாது. முதல் சில வாரங்கள் பிள்ளைகள் தவித்தார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம் தவித்தார்கள். அழுக்கான பக்கத்தில் முத்திரை விழும்போது ஒரு பெண் கையால் மறைத்துக்கொண்டாள். இப்போது மறைப்பதில்லை.

குறிப்பேடுகள் பார்க்க முன்போல அழகாக இல்லை. ஒரு சக ஆசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை எப்படி மேலே காட்டுவது?" என்று கேட்டார். அவர் கேட்டது கிண்டலாக அல்ல, உண்மையான அக்கறையில். காவடிப் படத்தை எடுத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டிக்குத் தட்டு செய்த பையன் இப்போது உயர்நிலை 3. இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். போன வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் பட்டறை வாசலில் வந்து நின்றான். கையில் அந்தத் தட்டு. ஓராண்டு புழங்கியதில் அடிப்பாகம் மங்கி, கீறல் விழுந்திருந்தது.

"மேசை ஈரமாக இருந்தால் வழுக்குகிறது டீச்சர். பாட்டி ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எடுக்கிறார். அப்படிப் பிடித்தால் வலிக்கிறதாம். நேற்றுத்தான் பார்த்தேன். அடியில் ரப்பர் கால் வைக்கலாம். வைத்தால் சாய்வு மாறிவிடும், அப்புறம் விளிம்பு 6 போதுமா என்று தெரியவில்லை."

பையிலிருந்து பயறுப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். ரப்பர் துண்டுகள் இருக்கும் இழுப்பறையைக் காட்டினேன். ஒரு மணி நேரம் இருந்தான். ஒரு கால் வைத்துப் பார்த்தான், பிறகு இரண்டு, பிறகு பின்பக்கம் மட்டும். குறிப்பேட்டில் நான்கு எண்கள், மூன்றின்மேல் குறுக்குக்கோடு. கிளம்பும்போது தேதி முத்திரையை நான் தேடுவதற்குள் அவனே என் மேசையிலிருந்து எடுத்து, ஊதி, பக்கத்தின் கீழ் மூலையில் குத்திக்கொண்டான்.